பதினோராவது தோள்

இராசதுரை அண்ணை, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். என் புருசன் எகிப்தில் என்னை விட்டுவிட்டு யாரோ ஒருத்தியோடு ஓடிவிட்டார் என்று ரொறன்ரோவில் உள்ள தமிழர் வீடெல்லாம் போய்ச் சொல்கிறீர்கள். அவர் ஓடவில்லை.

மற்றவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். பேய், ஆவி எதையும் நம்பாதவள் நான். ஆசுப்பத்திரியில் செத்தவர்களைத் துடைத்துத் துணி சுற்றி அனுப்புவது என் வேலை. ஒருவரும் எழும்பி வந்ததில்லை.

எழுபத்தாறு ஆவணியில், ஊருக்குப் போகிற வழியில் எகிப்தையும் பார்ப்போம் என்று பதினொரு பேர் புறப்பட்டோம். கூட்டிக்கொண்டு போனவர் இந்த அண்ணை, அவரைச் சேர்க்காமல் பதினொரு பேர். லக்சருக்குச் சின்ன விமானத்தில் போனோம். கீழே கோயில்கள் உடைந்த தீப்பெட்டிகள் மாதிரிக் கிடந்தன, ஆற்றோரம் பச்சை, அதற்கப்பால் வெறும் மணல். என் புருசன் குலம் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "மேலயிருந்து பாத்து என்ன பிரயோசனம்? உள்ளுக்கை போய்ப் பாக்கவேணும்" என்றார்.

கோயில்களைச் சுற்றிவிட்டு, ஆற்றைக் கடந்து, மத்தியானம் ஒரு அரசனின் சமாதிக்குள் இறங்கினோம். எங்கே போனாலும் வந்தாலும் அண்ணை ஒவ்வொருவரின் தோளிலும் கைவைத்து எண்ணுவார்.

"அண்ணை, நாங்கள் என்ன ஆட்டுப் பட்டியோ?" என்று குலம் கேட்டார்.

"சிரியும், சிரியும். போன வருசம் ஒரு டொக்டரை உள்ளுக்கை விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள். மனுசன் கத்தின கத்து!"

கடைசி அறையில் நிற்கும்போது விளக்கு அணைந்தது. ஒரு நிமிடம் இருக்கும். விளக்கு வந்ததும் ஏறி வெளியே வந்தோம். அண்ணை தோள் தொட்டு எண்ணினார், கடைசியாக நின்ற குலத்தோடு பதினொன்று. எண்ணி முடித்துக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். நான் பார்த்தேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் குலம் இருந்தார். வெயிலுக்குத் துவாயால் தலையையும் முகத்தையும் மூடியிருந்தார், எல்லோரும் அப்படித்தான். எனக்குத் தலையிடி, கண்ணை மூடியிருந்தேன்.

"வீடு எங்க?" என்று கேட்டார். அவருடைய குரல்தான். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

"அஜின்கோர்ட், நாலாம் மாடி, படியேறி இடப்பக்கம் ரெண்டாவது கதவு. மறந்துபோச்சோ?"

"இனி மறக்கமாட்டன்."

பஸ் வழியில் எங்கேயும் நிற்கவில்லை. ஆற்றங்கரையில் படகுக்கு இறங்கும்போது எங்களில் பத்துப் பேர்தான்.

அதே பஸ்ஸில் திரும்ப ஓடினோம். காவற்காரன் சமாதியைத் திறந்து காட்டினான். ஒரு மணித்தியாலம் தேடினார்கள், ஒரு செருப்புக்கூட இல்லை. பொலிஸ்காரன் கேட்டபோது, "பதினொரு பேரும் வெளியில வந்தவை, நானே எண்ணினனான்" என்று அண்ணை சொன்னார். அதோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வருடமாகிறது. தம்பி மொன்றியலுக்கு வரச்சொல்கிறான், என்னால் இந்த வீட்டை விட முடியவில்லை. குலம் வந்தால் இந்தக் கதவைத்தான் தட்டுவார். பஸ்ஸில் வழி கேட்ட மற்றதுக்கும் இந்தக் கதவைத்தான் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

போன மாசியில், பனி கொட்டிய ஒரு பின்னேரம், கதவு தட்டப்பட்டது. படியேறி வந்த சத்தம் கேட்கவில்லை.

"இஞ்சாருமப்பா, கதவைத் திறவும். குளிருது."

குலத்தின் குரல். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிலத்தில் குந்தியிருந்து வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்று தரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. திறந்திருக்க வேண்டுமா, கூடாதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும் அண்ணை. உங்கள் கை தொட்டது. அது குலம் என்றால், பனியில் வந்து நின்ற என் புருசனை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது குலம் இல்லை என்றால், நீங்கள் எண்ணிய எண்ணிக்கையால் அவர் இன்னும் அந்தக் குழிக்குள் இருக்கிறார். வருகிற பொங்கல் கூட்டத்தில், எல்லாக் குடும்பங்களும் இருக்கும்போது, எழும்பி நின்று சொல்லுங்கள்: நீங்கள் கடைசியாகத் தொட்டது மனிதத் தோள்தானா?