படகில் நின்ற மஞ்சள் தண்ணீர்

எங்கள் மாமாவுக்குப் படகுப் பைத்தியம். அவருடைய அக்காவான என் அம்மாவுக்குக் கடல் என்றாலே நடுக்கம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு ஆண்டவன் ஏன் இப்படிப் பிரித்துக் கொடுத்தான் என்று அப்பா அடிக்கடி கேட்பார். நான் பத்தாவதோடு நின்றவள், இதற்கெல்லாம் பதில் தெரியாது. இப்போது போர்ட் பிளேயர் லம்பா லைனில் என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது, கதை சொல்லு என்று அடம்பிடித்தால் இதைத்தான் சொல்வேன். முருகன் எங்களைக் காப்பாற்றிய கதை என்று ஆரம்பிப்பேன். அதில் பொய் இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு அந்தமானில், லாங் ஐலண்ட் தீவில் அரசாங்க ஸ்டோரில் வேலை. சுனாமி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அன்றிலிருந்து அம்மா கப்பலில் ஏறினால் நேராகக் கீழ்த்தளத்துக்குப் போய், ஜன்னல் இல்லாத பக்கமாக உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். போர்ட் பிளேயர் வந்துவிட்டது என்று நான் தோளைத் தட்டினால்தான் திறப்பாள்.

மாமா அங்கே சின்னச் சின்னக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் சதுப்புக்காட்டு ஓடையில் ஒரு பழைய பாய்ப்படகு சேற்றில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். மூடிப்போன ஏதோ ஒரு ரிசார்ட்காரர்கள் விட்டுவிட்டுப் போனது. சிறிய படகுதான், ஆனால் உள்ளே இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு அறை. மாமா அதை வாங்கி, ஆள் வைத்து இழுத்து, எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தென்னைமரத்தடியில் ஏற்றிவிட்டார். அம்மா துணி காயப்போடுகிற இடம் அது. அந்த ஒரு காரணமே அவளுக்குப் போதுமாயிருந்தது.

"இந்தப் பொணத்த எதுக்குடா இங்க கொண்டாந்து கெடத்துற?"

"பொணம் இல்லக்கா, மயக்கம். தண்ணி தெளிச்சா எந்திரிச்சிரும்."

மயக்கம் தெளிய மாதக்கணக்கானது. மாயாபந்தர் பக்கத்திலிருந்து பர்மா வழி வந்த ஒரு கரேன் மிஸ்திரி வந்து தங்கி, இற்றுப்போன பலகைகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் படாக் மரம் வைத்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத்திரியை வைத்து உளியால் தட்டித் தட்டி அடைத்தார். மாமா உள்ளே ஸ்டவ், தண்ணீர் கேன், சோலார் விளக்கு, கையால் இறைக்கிற பம்பு எல்லாம் பொருத்தினார். அப்பா தன் பங்குக்கு முருகன் படம் வைக்க ஒரு சின்ன மாடம் அடித்துக் கொடுத்தார். கிழிந்த பாயைத் தைத்தது யார் தெரியுமா? அம்மா. ஜாக்கெட் தைக்கிற மிஷினில் தடித்த துணியைத் திணித்து, ஊசி ஊசியாக ஒடித்து, ஒவ்வொரு ஊசிக்கும் தம்பியைத் திட்டி, தைத்து முடித்தாள்.

மாமாவின் திட்டம் பெரியது. பங்குனி உத்திரத்துக்குள் படகைத் தயார் செய்து, ஹேவ்லாக், நீல் தீவுகளில் தங்கித் தங்கி, போர்ட் பிளேயர் முருகன் கோவிலுக்கு எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவது. அம்மா முடியவே முடியாது என்றாள். கடைசியில் மாமா ஒரு பந்தயம் மாதிரிச் சொன்னார்.

"ஒரே ஒரு தடவை வெள்ளோட்டத்துக்கு வாக்கா. கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காரு. எறங்குன பெறகு நீ வேணாம்னு சொல்லிட்டா, பஸ், கதம், அதோட முடிஞ்சுது. அடுத்த வாரமே வித்துர்றேன்."

அம்மா வெகுநேரம் யோசித்துச் சரி என்றாள். விற்கச் சொல்லத்தான் வருகிறாள் என்று எனக்குப் பட்டது. மாமாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து சாப்பாட்டில் அவருக்கு ருசி போய்விட்டது.

ஊருக்குத் திரும்பும் முன் மிஸ்திரி ஒன்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை மாதம் வெயிலில் காய்ந்த கட்டை, தண்ணீர் குடித்து உப்பினால்தான் இடுக்குகள் மூடும், ஆகவே இறக்கிச் சில நாள் ஜெட்டியில் சும்மா கட்டிப்போடுங்கள் என்றார். மாமா தலையை ஆட்டினார். ஆனால் அப்பா பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தார். இறக்குகிற அன்றைக்கே நல்ல நேரத்தில் படகு நகர வேண்டும், அடுத்த நல்ல நாள் உத்திரம் தாண்டித்தான் வருகிறது.

"கட்டிப்போட்டா அது பொறப்பாடா மாப்ள? போய்க்கிட்டே குடிக்கட்டும்" என்றார் அப்பா. மாமாவும் எதிர்த்துப் பேசவில்லை. அக்காவின் மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது அவர் அவசரம்.

குறித்த நாளில் படகைத் தண்ணீரில் இறக்கி ஜெட்டியில் கட்டியதும், பூஜையை அம்மா குறையில்லாமல் செய்தாள். பயப்படுகிறவர்களின் பூஜையில் எப்போதும் ஒரு கை கூடுதலாகத்தான் இருக்கும். உள்ளே பலகைத் தளம் முழுக்கக் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். முருகன் மாடத்திலிருந்து பாய்மரம் வரைக்கும் செவ்வந்திப் பூவை உதிர்த்துப் போட்டாள். முன்மூக்கில் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, சூடம் காட்டி முடிந்ததும், என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் ஏறினாள்.

ஜெட்டியை விட்டு விலகியதும் மாமா பாயை ஏற்றினார். காற்று வந்து அதை நிரப்பியபோது அம்மாவின் தையல்கள் எல்லாம் ஒரு தரம் படபடத்து அடங்கின. படகு ஒரு பக்கம் சாய்ந்து வேகம் பிடித்தது. அம்மா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள், ஆனால் தன் மடியை மட்டும் பார்த்தாள். மாமா சுக்கானைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கரை சிறுத்துப்போன பிறகு, என் காலடியில் தண்ணீர் தளும்பியது. மஞ்சளாக இருந்தது.

"தண்ணி!" என்றேன்.

"ஒங்கம்மா ஊத்துனதுதான். கொஞ்சமாவா ஊத்துனா? அவ வேண்டுதலுக்குக் கடல்லயே பாதி பத்தாது" என்று மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் காலை ஆட்டி ஆட்டி அந்தத் தண்ணீரில் மிதந்த பூக்களைத் தள்ளி விளையாடினேன்.

விளையாடிக்கொண்டேதான் கவனித்தேன். கணுக்காலுக்குக் கீழே இருந்த தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வந்திருந்தது. மஞ்சள் வரவர வெளுத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, மஞ்சத் தண்ணி வெள்ளையாவுது."

அம்மா குனிந்து, ஒரு விரலால் தொட்டு, நாக்கில் வைத்தாள். தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தாள். அதுவரை நான் பார்க்காத பார்வை அது. மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"உப்பாம்மா?" என்று கேட்டேன்.

"பூஜத் தண்ணிதான்டா தங்கம். தேங்காத்தண்ணி கலந்திருக்குல்ல, அதான். நீ மாமா பக்கத்துல போய் உக்காரு." சொல்லிக்கொண்டே பூஜைக் குடத்தை எடுத்து, மொண்டு வெளியே ஊற்ற ஆரம்பித்தாள்.

மாமா சுக்கானை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பம்புக்குப் பாய்ந்தார். இரண்டு முறை தண்ணீர் கக்கியது, பிறகு வெறும் காற்று. குழாயைப் பிடுங்கிப் பார்த்தால் வாய் நிறையச் செவ்வந்திப் பூ. தோண்டி எடுத்து மாட்டினார், மறுபடி அடைத்துக்கொண்டது. பாயை இறக்கிவிட்டுப் பின்னால் இருந்த சின்ன மோட்டாரின் கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுப்பில் பிடித்தது.

"ஜெட்டிக்குத் திருப்பவா?" என்று அப்பா கத்தினார்.

"அதுவரைக்கும் தாங்காது மச்சான். ஓடை வாய்க்கு விடுங்க. சேத்துல ஏத்திருவோம்!"

"அங்க மொதல இருக்குடா!"

"சேத்துல ஏறிட்டா படகு முழுகாது, நாம எறங்க வேணாம். சீதா சீதா, நேரா விடுங்க, பாத்துக்கிட்டு நிக்காதீங்க!"

சரவணபவ, சரவணபவ என்று அப்பா சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். நானும் சொன்னேன். அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகி, மண்டியிட்டு, குடத்தை முக்குவதும் வீசுவதுமாக இருந்தாள். தண்ணீர் அவள் தொடைவரை வந்திருந்தது. படகு திரும்பவே மனமில்லாத எருமை மாதிரிக் கனத்து ஊர்ந்தது. ஒவ்வொரு அலையும் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அம்மா நிமிர்ந்து அந்த அலைகளை நேருக்கு நேராகப் பார்த்தாள். கண்ணை மூடவே இல்லை.

சதுப்புமர வேர்கள் தெரிந்தன. அடியில் சேறு உரசுகிற சத்தம் கேட்டது. படகு ஒரு குலுக்கலோடு நின்று, பெருமூச்சு விட்டதுபோல் அமர்ந்தது. அதற்கு மேல் அமிழ இடமில்லை.

யாரும் இறங்கவில்லை. முதலை எச்சரிக்கைப் பலகை எங்களுக்கு எதிரேதான் நின்றது. மீன்பிடிக்கிற ஒரு பெங்காலிக்காரர் தன் டுங்கிப் படகில் அந்தப் பக்கம் வரும்வரை, பாதி தண்ணீரில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு மரக்கட்டையையும் முதலையா முதலையா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர் மிதக்கிற பூக்களையும் எங்களையும் பார்த்தார். சாமிக்கு இவ்வளவு கொடுத்தீர்களே, படகுக்கு நாலு நாள் தண்ணீர் கொடுக்கக் கூடாதா என்று இந்தியில் சொல்லிக்கொண்டே எங்களை ஏற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். குழாயைத் திறந்தாள். பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம் வாசல்வரை கேட்டது. வாசற்படியில் மாமா தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். படகு போய்விட்டது என்று முடிவு செய்தவர் மாதிரி இருந்தார். அப்பா முருகன் படத்துக்கு முன்னால் நின்றார், ஆனால் எதுவும் சொல்லிக் கும்பிட்டதாகத் தெரியவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒருவழியாக அம்மா வெளியே வந்தாள். வேறு புடவை கட்டியிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"டேய், படகு மேல ஒண்ணும் குத்தமில்ல. அவசரப்பட்டது நாமதான். அந்த மிஸ்திரி சொன்ன மாதிரி கட்டிப்போட்டு நல்லா ஊற விடு. உத்திரத்துக்குப் போவலாம்."

மாமா எழுந்து நின்றார். "அக்கா" என்றார்.

நான் மாமாவைப் பார்க்கவில்லை, அம்மாவின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூந்தலில் காய்ந்த கடலுப்பு அப்படியே ஒட்டியிருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. இத்தனை நேரம் உள்ளே என்னதான் செய்தாள்? குழாயில் தண்ணீர் விடுகிற நாளே குறைவாயிருக்கிற ஊரில், ஒரு சொம்பு கூடுதலாக எடுத்தாலும் எங்களைத் திட்டித் தீர்க்கிறவள், குளிக்கவே குளிக்காமல் அவ்வளவு தண்ணீரையும் வீணாக்கியிருக்கிறாளே, இவளைத் திட்ட இந்த வீட்டில் ஆளே இல்லையே என்று மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.