பிடியரிசிக் கலயம்

ஆண்டவருக்கென்று எடுத்துவைத்த அரிசியைத் திருடி, நாவற்பழம் வாங்கித் தின்றவள் நான். இதை இத்தனை வருடம் வெளியில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. கோயிலில் மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்தால் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம்தான். இனிமேல் பிடுங்கினாலும் எத்தனை நாளைக்கு உட்காரப் போகிறேன்?

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் வேதக்காரர், அதாவது எங்களைப் போலக் கிறிஸ்தவர், வீடுகள் பதினைந்து இருக்கும். ரேஷன் கடை வாசலில் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். ஆனாலும் பதினைந்து வீட்டு அடுப்படியிலும் ஒரு மண் கலயம் இருந்தது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி முதலில் அதில் போட்டுவிடுவார்கள். அதுதான் பிடியரிசி. சனிக்கிழமை வீடுவீடாகப் போய் அதை வாங்கிச் சேர்த்து, கோயில் பின்புறத்தில் கஞ்சி காய்ச்சி, கண்மாய்க்கரையில் குடிசை போட்டிருந்த பெருநோய்க்காரர்களுக்குக் கொண்டுபோவார்கள். காய்ச்சுவது, கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் வீட்டு அம்மா. பை தூக்கி அரிசி வாங்குவதும், வாளி தூக்கிக் கஞ்சி ஊற்றுவதும் என் அக்கா.

அக்காவுக்குப் பதினேழு வயது. நர்ஸ் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. அந்தப் படிப்பு கிடைக்கும்வரை பொறுக்க முடியாமல், அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போய், அங்கிருப்பவர்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவாள். அப்பாவுக்கு நல்ல வேட்டி எது, கட்டுத்துணி எது என்று கண்டுபிடிப்பதே ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலையாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் கேட்டாள்.

"கொமரிப் பிள்ளைய அங்குட்டெல்லாம் அனுப்புறீகளே, நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

"கட்ட வர்றவன் அங்குட்டே வரட்டும். வாளி தூக்க ஆளில்லாமத்தான் கெடக்கு" என்றாள் அம்மா.

நாவற்பழம் விற்கிறவள் காசு கேட்க மாட்டாள். ஒரு பிடி அரிசி கொடுத்தால் ஒரு கை பழம். வீட்டு அரிசிக் குதிரில் எடுத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கலயத்தில் எடுத்தால் ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும், அவர் வந்து முதுகில் போட மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அவர் போடவில்லை. அக்கா பிடித்தாள்.

"எங்க, நாக்க நீட்டு."

நீட்டினேன். மை குடித்தவள் மாதிரி இருந்திருக்கும்.

"அடி கழுத! ஆண்டவர் அரிசியவா தின்ன?"

"அரிசியத் திங்கல. பழந்தான் தின்னேன்."

அடிக்க ஓங்கிய கையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் தலையைப் பிடித்து ஆட்டிச் சொன்னாள். "அம்மாட்டச் சொல்லல. நீ ஒரு பிடி எடுத்தா நான் ஒரு பிடி போட்டுருவேன். கலயம் கொறையக் கூடாது, அம்புட்டுத்தான்."

மறுநாளிலிருந்து, "எனக்கு ஒரு பிடி கொறச்சு அளம்மா, வயிறு மந்தமா இருக்கு" என்று சொல்லி, அந்தப் பிடியை வாங்கிக் கலயத்தில் போட்டாள். நாவற்பழ காலம் முடியும்வரை அவளுக்கு வயிறு மந்தமாகவே இருந்தது. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆள் வைத்துத் திருடுகிற மாதிரி சௌகரியமாக இருந்தது.

ஐப்பசி மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கஷாயம், பிறகு காரைக்குடி ஆஸ்பத்திரி. பத்தாம் நாள் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கோயிலிலிருந்து கல்லறைக்குப் போகும்போது கண்மாய்க்கரை ஆட்கள் தூரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றார்கள். பக்கத்தில் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. உபதேசியார் நீளமாக ஜெபம் பண்ணுகிறவர். அன்றைக்கு மட்டும் சுருக்கமாக முடித்தார். "பிள்ளை எங்கயும் போயிடல. ஆண்டவர் வேலைக்குப் போயிருக்கு" என்றார்.

அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். ஆண்டவர் வேலைக்குத்தானே போயிருக்கிறாள்? பிடியரிசியும் ஆண்டவர் வேலைதானே? அப்படியானால் அந்தக் காரியமாக இங்கே அனுப்பாமலா இருப்பார்?

வீட்டில் யாரும் அந்தச் சாவைப் பேசவில்லை. அப்பா சாயக் கறை படிந்த கையோடு வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். குடும்ப ஜெபத்தில், ஆண்டவரின் சித்தப்படி ஆகட்டும் என்று சொல்ல வேண்டிய இடம் வரும்போது அவர் குரல் மட்டும் நின்றுவிடும். பாதி ஜெபத்தை விழுங்குகிறாரே, உபதேசியாரிடம் சொல்லிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அம்மா அழவே இல்லை. வேலை செய்துகொண்டே இருந்தாள்.

அக்காவின் பை எனக்கு வந்தது. முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கலயத்தைச் சாய்த்தபோது அரிசி விழுந்துகொண்டே இருந்தது. உபதேசியாரம்மா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, ஒங்க வீட்டுல எல்லாரும் பட்டினி கெடக்கீகளா?" என்றாள்.

இது அக்கா வேலைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பிடி எடுத்தால் ஒரு பிடி போட்டுவிடுவேன் என்று சொன்னவள் அல்லவா! சோதித்துப் பார்க்க மறுநாள் ஒரு பிடி எடுத்தேன். பழ காலம் முடிந்திருந்ததால் கோழிக்குப் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் கலயம் குறையவில்லை, ஏறித்தான் இருந்தது. அடுத்த நாள் இரண்டு பிடி. அப்போதும் ஏறியிருந்தது. மூன்று பிடி எடுத்தேன். கோழி கொழுத்தது, கலயம் மட்டும் குறைவேனா என்றது. நான் எடுக்க எடுக்க அக்கா வந்துபோக வேண்டியிருக்கும், எத்தனை தடவை வருகிறாளோ அத்தனையில் ஒரு தடவையாவது மாட்டாமலா போவாள்?

அவளிடம் எனக்கு வேலை இருந்தது. கிறிஸ்துமஸ் வரப் போகிறது. மூங்கில் குச்சி கட்டி, கலர்த்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்ய அவளைத் தவிர வீட்டில் ஆள் இல்லை. எனக்குத் தலை பின்ன அம்மாவுக்குப் பொறுமை இல்லை, இழுத்த இழுப்பில் புருவம் மேலே ஏறிவிடும். தம்பி மூன்று வயதுப் பொடியன், அவனோடு சண்டை போட்டால் சண்டை மாதிரியே இருக்காது. இதையெல்லாம் சொல்ல வேண்டும். பாவாடையைப் பிடித்துக்கொண்டால் விடக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் போலப் புறப்பட்டு, கொல்லைப் பக்கமாகத் திரும்பி வந்து, குதிருக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டேன். கட்டெறும்பு கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கலயம் கண்ணுக்கு நேரே இருந்தது.

வெகு நேரம் கழித்துத் தண்ணீர்க் குடத்தோடு அம்மாதான் வந்தாள். அடுப்பை மூட்டினாள். சொளகு என்கிற முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு உழக்கால் அரிசி அளந்தாள். அம்மா ஒன்று இரண்டு என்று எண்ணுகிறவள் இல்லை, ஆளைச் சொல்லித்தான் அளப்பாள்.

"அவுகளுக்கு." ஒரு உழக்கு சொளகில் விழுந்தது.

"பெரியவளுக்கு."

இரண்டாவது உழக்கைத் தலை தட்டாமல் கோபுரமாக அள்ளினாள். சொளகில் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, அதில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். மறுபடி குனிந்து பார்த்து இன்னொரு கல்லைப் பொறுக்கினாள். பிறகு கலயத்தில் மெதுவாகச் சரித்தாள்.

"சின்னவளுக்கு. தம்பிக்கு. எனக்கு."

நான் குதிருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தேன். அம்மா உழக்கைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னடி இது! பள்ளிக்கொடம் போகலையா நீ?"

"நீதானா? இத்தன நாளும் நீதான் போட்டியா?"

"எதைடி?"

"அக்கா வந்து போட்டுட்டுப் போகுதுன்னுல்ல நெனச்சேன்!"

அம்மா என்னையே பார்த்தாள். என்னைப் பிடிக்கக் கை நீட்டினாள். நான் ஒதுங்கிக்கொண்டேன். ஏமாந்துபோன கோபம் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. எறும்புக்கடி வேறு. என்னைவிடக் கெட்டிக்காரியாக ஒருத்தி இருந்து என்னை இத்தனை நாள் ஏமாற்றிவிட்டாளே என்றிருந்தது.

"ஒனக்கு எண்ணத் தெரியாதாம்மா? நாம நாலு பேருதான். நாலு உழக்குத்தான் அளக்கணும். அக்காதான் செத்துப்போச்சே!"

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது. உலை கொதித்து மூடி தட்டியது. அம்மா அதை இறக்கக்கூட எழவில்லை.

"ஆமா தாயி" என்றாள். "நாலு பேருதான். மறந்துபோச்சு எனக்கு."

கலயத்துக்குள் கையை விட்டு, போட்டதைத் திரும்ப உழக்கில் அள்ளி, குதிரில் கொட்டினாள். மறுநாளிலிருந்து நாலுதான் அளந்தாள். இரண்டாவதை அளக்கும்போது மட்டும் வாயில் பெயர் வராமல், "சின்னவளுக்கு" என்று சொல்வதற்குக் கொஞ்சம் நேரமாகும். ஒரு நாளைக்கு ஒரு உழக்கு அரிசியை வீட்டுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தவள் நான் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கலயத்தில் மற்ற வீடுகளைப் போலப் பிடியரிசி மட்டும்தான் இருந்தது. கஞ்சி நீர்த்துவிட்டது. உபதேசியாரம்மாவும் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனோம். அங்கே ஒரு தாத்தா இருந்தார். வியாதி வருவதற்கு முன்னால் கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர். விரல்கள் மழுங்கிப்போன இரண்டு கைகளுக்கும் நடுவில் தகரக் குவளையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தாயி, இந்தக் கஞ்சில என் மொகம் தெரியுதே! ராசா களை இன்னும் போகல போலருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த கையோடு காரணத்தையும் சொன்னேன்.

"எங்க அம்மா கணக்குத் தெரியாம அக்காவோட உழக்கையும் சேத்து அளந்து, கலயத்துல போட்டுக்கிட்டே இருந்துச்சு தாத்தா. நாந்தான் கண்டுபிடிச்சு நிறுத்தினேன்."

தாத்தா குவளையைத் தரையில் வைத்தார்.

"எப்பருந்து தாயி?"

"அக்கா போனதுலருந்து."

"அப்ப இத்தன வாரமும் நாங்க குடிச்சது அந்தப் பிள்ள சோறா?"

"ஆமா" என்றேன்.

அவர் கையிரண்டையும் முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர்களும் குவளையைக் கீழே வைத்துவிட்டார்கள். உபதேசியாரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் திரும்பி நின்றாள். பெரிய ஆட்கள் இப்படிக் கூட்டமாக அழுது நான் பார்த்ததில்லை. கஞ்சி பற்றவில்லை, பசியில் அழுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வாளியைச் சாய்த்து, அடியில் ஒட்டிக் கிடந்த பருக்கைகளையெல்லாம் கையால் வழித்து, தாத்தாவின் குவளையில் போட்டேன்.

"குடிங்க தாத்தா, அழுகாதீக. அடுத்த வாரம் கெட்டியாக் காச்சச் சொல்றேன்."