வீட்டில் ஒரே ஒரு பவர் பிளக்

என் அண்ணி கோபம் வந்தால் முட்டை அடிப்பார். கோபம் வராவிட்டாலும் அடிப்பார். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பதுதான் அவர் தொழில். இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த கையோடு பெரிய ஓவன் ஒன்றை வாங்கிவிட்டார். அதன் பிளக்கோ தடித்த மூன்று கால், பதினாறு ஆம்பியர். சமையலறையில் இருந்ததெல்லாம் ஆறு ஆம்பியர் சின்னப் பாயிண்டுகள்.

என் அண்ணன் இருக்கிறானே, எதற்கும் குறுக்கு வழி வைத்திருப்பான். பெரிய பிளக்கைச் சின்னப் பாயிண்டில் மாட்ட ஒரு கன்வர்ட்டர் வாங்கிவந்து செருகினான். "பாத்தியா, வேலை முடிஞ்சுது!" கேக் பாதி உப்பும்போதே பிளாஸ்டிக் தீயும் நாற்றம். சுவர் கறுத்துப்போனது. மெயினை அணைக்க அண்ணன் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பிளக் பொருந்தினால் போதுமா, உள்ளே இருக்கும் ஒயர் தாங்க வேண்டாமா? புது ஒயர் இழுக்க வீட்டு ஓனர் ஒப்பவே இல்லை.

பதினாறு ஆம்பியர் தாங்குகிற ஒரே பவர் பிளக் அப்பாவின் அறையில் இருந்தது. அதில் ஏசி. அப்பா பஸ் டிரைவராக இருந்தவர், வேலைக்காலம் முழுக்க எஞ்சின் சூட்டில் வெந்தவர். ஓய்வு பெற்றதும் தனக்கென்று ஆசையாக வாங்கிய ஒரே பொருள் அந்த ஏசிதான். மத்தியானம் சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு அவர் போடும் தூக்கத்தில் நாங்கள் யாரும் கைவைக்க மாட்டோம்.

வேறு வழியில்லாமல் ஓவன் அவர் கட்டிலுக்கு எதிரே போய் உட்கார்ந்தது. காலையில் அவர் நடக்கப் போகும் நேரம் மட்டும் ஏசி பிளக் வெளியே, ஓவன் பிளக் உள்ளே. அப்பாவின் சட்டையெல்லாம் வெனிலா வாசம். "இவர் பக்கத்துல நின்னாலே பசிக்குது" என்று அவருடைய நண்பர்கள் கிண்டலடித்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் கடைத்தெருப் பேக்கரிக்காரர் ஒருவர் அண்ணிக்குப் போன் செய்தார். "இன்னைக்குச் சாயங்காலம் சூடா ரெண்டு கேக் குடுங்க. நல்லா இருந்தா தினமும் எடுத்துக்கறேன்." அண்ணி ஏங்கிக் கிடந்ததே இப்படி ஒரு நிரந்தர ஆர்டருக்குத்தான். ஆனால் சாயங்காலம் கேக் வேண்டுமென்றால் மத்தியானம் ஓவன் போட்டாக வேண்டும். "இல்லைங்க, அந்த நேரம் எனக்குத் தோதுப்படாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். வாயைத் திறந்து மாமனாரிடம் கேட்டால்தான் என்ன?

அதற்குள் அறையில் ஏசி சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால் அப்பா பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"அந்தாளுக்குத் திரும்பப் போனப் போடும்மா."

"உங்க தூக்கம், மாமா..."

"தூக்கம் எங்க ஓடிடப் போகுது? நீ போய் மாவக் கலக்கு."

அந்த வெயிலில், அந்த அறையில், துண்டால் விசிறியபடி ஓவன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டார். "உப்புது, உப்புது!" என்று எங்களுக்கு நேரடி ஒலிபரப்பு வேறு.

கேக் போனது. இருட்டுவதற்குள் பேக்கரிக்காரர் மறுபடி கூப்பிட்டு, தினமும் வேண்டும் என்றார். துள்ளிக் குதிக்க வேண்டிய அண்ணி, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றார். தினமும் என்றால் தினமும் மத்தியானம். அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அப்பா நனைந்த பனியனைக் கழற்றிப் பிழிந்தபடியே கேட்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்கும்மா பிளக்க மாத்தணும்?"

அண்ணி அழுதுவிட்டார். நானும்தான்.