எட்டாவது பாயின்ட்

ஆளே இல்லாத படம் ஒன்று எடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

பொன்மலையிலிருந்து மாற்றலாகி கல்கத்தாவின் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்னிடம் நல்ல கேமரா இருப்பது பொன்மலையில் தெரிந்த மாதிரியே இங்கும் தெரிந்துவிட்டது. சீமந்தம், காதுகுத்து, வங்காளிக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது, பெரியவர்களின் பணி ஓய்வு என்று எல்லாவற்றுக்கும் நான்தான் போட்டோக்காரன். ஒருநாள் நெகடிவ்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது எல்லாமே மூஞ்சி, எல்லாமே யாரோ கேட்டு எடுத்தது என்று தெரிந்தது. நானாக ஆசைப்பட்டு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. பற்றிக்கொண்டு வந்தது.

துர்கா பூஜை விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கலிம்போங் மலைப்பக்கம் போவதென்று முடிவு செய்தேன். முந்தைய பூஜையில் பந்தல் பார்க்கப் போய் கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தவன் நான். மொத்த வங்காளமும் கல்கத்தா தெருவில்தான் நிற்கிறது, மலையில் ஈ காக்காய் இருக்காது என்று கணக்குப் போட்டேன். தெருவில் நிற்காத மிச்ச வங்காளம் அதே வாரம் மலைக்குக் கிளம்பும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"மலை எங்க போயிடப்போகுது? நீங்களே போய்ட்டு வாங்க. நானும் பிள்ளைகளும் பந்தல் பாக்குறோம்" என்றாள் மனைவி.

மேல் வீட்டு வங்காளக்காரர் ஒரு கம்பளிக் குரங்குக் குல்லாயும் வயிற்று மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தார். "தனியாவா? பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாமயா? வீட்டுல சண்டையா தாதா?" என்று கேட்டார். வங்காளிகளுக்குத் தாதா என்றால் அண்ணன். இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

இரண்டு நாள் ஓட்டிச் சிலிகுரி தாண்டினேன். தீஸ்தா நதி பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரை முழுக்கக் குரங்குக் குல்லாய்கள். பாறை மேல் ஒரு குடும்பம், பாறைக்குக் கீழே ஒரு குடும்பம், நடுவில் ஆரஞ்சு உரிக்கும் மாமி ஒருவர். காரைத் திருப்பிவிடலாமா என்று இருந்தது.

அந்த மலைப்பக்கம் ஜீப்காரர்கள் ஊரைப் பாயின்ட் பாயின்ட்டாக விற்பார்கள். ஏழு பாயின்ட் காட்ட ஒரு வாடகை. வங்காளிகள் விரல் விட்டு எண்ணி, ஏழும் பார்த்த பிறகுதான் ஜீப்பை அனுப்புவார்கள். நான் இந்த ஏழு பாயின்ட்டையும் தவிர்த்துவிட்டு, லாவா என்ற ஊருக்குப் போகிற சாலையில் ஒரு மொட்டை வளைவைக் கண்டுபிடித்தேன். ஜல்லிக் குவியலும் உடைந்த கைப்பிடிச் சுவரும்தான் இருந்தன. மேகம் விலகினால் எதிரே காஞ்சன்ஜங்கா தெரியும். முக்காலியை விரித்துக் கேமராவை மாட்டினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு ஜீப் நின்றது.

"இது என்ன பாயின்ட்?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"பாயின்ட் எல்லாம் இல்லை" என்றேன்.

முக்காலி போட்டு ஒருவன் நிற்கிற இடம் எப்படிப் பாயின்ட் ஆகாமல் போகும்? ஆறு பேர் இறங்கினார்கள். அவர்களைப் பார்த்து இன்னொரு ஜீப் நின்றது. ஜல்லிக் குவியல் மேல் ஏறி நின்று, "ஒண்ணு எடுங்க தாதா, விலாசம் தரோம்" என்றார்கள். முகத்துக்கு நேரே கேட்டால் மறுக்கத் தெரியாத ஜென்மம் நான். மறுநாள் போனபோது அந்த வளைவில் ஒரு நேபாளிப் பெண் டீக்கடை போட்டிருந்தாள். மூன்றாம் நாள் ஜீப்காரர்கள் எட்டுப் பாயின்ட் என்று கூவினார்கள். நான் எங்கே போகிறேன் என்று லாட்ஜ் வாசலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். மேகம் மட்டும் விலகவே இல்லை. ரோலில் மூன்று படம் மிச்சம், லீவில் ஒரு காலை மிச்சம்.

அந்தக் கடைசிக் காலை விடிந்தும் விடியாமலும் போனேன். எனக்கு முன்பே ஒரு டூரிஸ்ட் பஸ் நின்றது. கழுத்தில் விசில் மாட்டிய மேனேஜர், லுச்சி பூரி பொரிக்கிற சமையல்காரர், நாற்பது குரங்குக் குல்லாய்கள். சுவரோரம் வரிசையாக, எனக்கு முதுகு காட்டி நின்றார்கள். அப்போது பார்த்து மேகம் விலகியது. மலை மொத்தமும் வெள்ளையாக, கிட்டத்தில் வந்து நின்றது. என் கேமராச் சட்டத்தில் கீழ்ப்பாதி முழுக்கக் கம்பளித் தலைகள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உக்காருங்கய்யா எல்லாரும்" என்று தமிழிலேயே கத்தினேன். மேனேஜர் என்னை யாரோ அரசாங்க ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். விசிலை ஊதிக் கையால் அமர்த்தினார். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண்மணிக்கு மட்டும் முழங்கால் மடங்கவில்லை. கணவர் கையைப் பிடித்துக்கொள்ள, அவர் மெல்ல மெல்ல இறங்கினார். அவர் குல்லாய் சட்டத்தை விட்டு மறையும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, பிறகு அழுத்தினேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கணவர் என்னிடம் வந்து, "எங்ககிட்ட கேமரா இல்ல. இவளை மட்டும் மலையோட ஒண்ணு எடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ரோல் முடிஞ்சுபோச்சு" என்றேன். முடியவில்லை, இரண்டு பாக்கி இருந்தது. அதையும் மலைக்கே வைத்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் முடியாது என்று சொன்னேன். உண்மையில் சந்தோஷமாக இருந்தது.

அவர் வருத்தப்படவில்லை. "அப்ப இப்ப எடுத்ததையே அனுப்புங்க. நாங்களும் அதுல இருக்கோமே, கீழ" என்று கல்கத்தா சால்ட் லேக் விலாசம் எழுதிக் கொடுத்தார். அதைக் கேட்டு மற்றவர்களும் காகிதம் தேடினார்கள். ஒரு தலைகூட இல்லாத அந்தப் படத்துக்குப் பதினேழு பிரதி போட்டேன். அவர்களுக்குக் கிறுக்கு என்று சொல்லிச் சொல்லி நானும் மனைவியும் ஒரு மாதம் சிரித்தோம்.

நாலைந்து வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாக சால்ட் லேக் போனபோது அந்த விலாசம் ஒரு வீட்டு வாசலில் கண்ணில் பட்டது. சும்மா மணி அடித்தேன். அந்தக் கணவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது, உள்ளே அழைத்தார். கூடத்துச் சுவரில் என் படம் பெரிதாக்கப்பட்டுச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்கு ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலை போட்டு, முன்னால் ஊதுபத்தி ஏற்றியிருந்தார். இறந்தவர் படத்துக்குத்தான் அங்கே அந்த மாலையைப் போடுவார்கள். மலைக்கு எதற்கு மாலை என்று விளங்காமல் நின்றேன்.

"போன பூஜைக்கு முன்னாடி போயிட்டா" என்றார். "ரெண்டு பேரும் போன ஒரே யாத்திரை அது." சட்டத்துக்குக் கீழே வெறும் சுவரில், இடப்பக்கமாக உள்ளங்கையை வைத்தார். "இந்த இடத்துலதான் உக்காந்திருக்கா."

அந்தப் பெண்மணியை உட்காரச் சொன்னவன் நான்.