அரிசி கேசும் ஒரு கையெழுத்தும்

தொண்ணூறுகளின் நடுவில், கேரள எல்லைக்குள் பாறசாலையை அடுத்த காரோட்டில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. மீன்பிடிக்கப் போன என் வீட்டுக்காரர் கால் ஒடிந்து படுத்துவிட்டார். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டதும் ஓடிப்போய் விண்ணப்பம் வாங்கி வந்தேன்.

அதில் ஒரு கேள்வி: உங்கள் மேல் எப்போதாவது போலீஸ் கேஸ் உண்டா? உண்டே! முந்தின வருஷம், வெளியே கொண்டுபோகத் தடை இருந்த தமிழ்நாட்டு அரிசியைச் சேலைக்குள் கட்டி ரயிலில் கடத்தி வந்தபோது, எல்லை தாண்டும் முன்பே பிடிபட்டு, கோர்ட்டில் அபராதம் கட்டியவள் நான். இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்றால்தான் அன்று எங்கள் அடுப்பு எரியும்.

எனக்கு மலையாளம் எழுத வராது. நிரப்பித் தந்த பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். “மக்கா, கேசு அந்தப் பக்கத்திலாக்கும். இங்க உள்ள போலீசுக்கு என்ன தெரியும்? இல்லன்னு எழுதுறேன்.” நானும் தலையாட்டினேன், புத்தி கெட்டவள்!

அன்றிலிருந்து காக்கி போட்ட பஸ் கண்டக்டரைக் கண்டாலும் ஒதுங்கி மறைந்து நின்றேன்.

நேர்முகத்துக்கு மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா, எழுதினதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடச் சொல்லி விண்ணப்பத்தை நீட்டினார். பேனா பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது. பொய் பிடிபட்டால் மறுபடியும் போலீஸ். உண்மையைச் சொன்னால் இப்போதே வெளியே. படுத்துக் கிடக்கிற மனுஷனிடம் போய் என்ன சொல்வேன்? அழுகையோடு உளறிவிட்டேன்.

“மேடம், ஒரு கேசு உண்டு. அரிசி கொண்டு வந்த கேசாக்கும்.”

ஒருவர் பேனாவை மூடி வைத்தார். தொலைந்தது என்று நினைத்தேன். அந்த அம்மா மற்ற இருவரையும் பார்த்து மலையாளத்தில் கேட்டார்: “இவங்கள மாதிரி உள்ளவங்க கொண்டு வந்த அரிசிய வாங்கித் தின்னாத வீடு நம்ம மூணு பேர்ல யாருக்கு உண்டு?”

பிறகு என் பக்கம் திரும்பி, ‘இல்லை’யை அடித்துவிட்டு, நடந்ததைத் தமிழிலேயே எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உத்தரவு வரும்வரை ஒரு மாதம் செத்துச் செத்துப் பிழைத்தேன். வேலை கிடைத்தது.

இன்றைக்கும் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போனாலும் என் கை ஒரு நிமிஷம் நடுங்கும். அந்த நடுக்கம் என்னை விட்டுப் போகவே வேண்டாம்.