ரசமட்டமும் மறதி ஸஜ்தாவும்

“மறதிக்குன்னு ரெண்டு ஸஜ்தா வெச்சிருக்காங்க பாருங்க, அது உங்கள மாதிரி ஆளுங்களுக்கு. எனக்கு இன்னிவரைக்கும் அது தேவைப்பட்டதில்ல. இனிமேலும் படாது.”

இந்தப் பிரகடனம் உலகத்துக்கு வெளியிடப்பட்டபோது, அதை வெளியிட்டவர் ஒரு காலில் சாக்ஸ் போட்டும் மறு காலில் போடாமலும் நின்றுகொண்டிருந்தார். உலகம் என்பது அன்றைக்கு ஏழெட்டுப் பேர். இடம், ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில், தண்ணீர் பம்பு அறைக்குப் பக்கத்திலிருந்த தொழுகை அறை.

விஷயம் இதுதான். அங்கே மதிய லுஹர் தொழுகையை முன்னின்று நடத்துகிறவர் மூன்றாவது மாடி அலுவலகத்தின் கணக்கர். சாதுவான மனிதர். அன்றைக்கு லுஹரின் நாலு ரக்அத்தில், அதாவது நாலு சுற்றில், இரண்டாவது முடிந்து உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் எழுந்துவிட்டார். நின்ற பிறகுதான் நினைவு வந்தது. இந்த மாதிரி சமயத்துக்கென்று மார்க்கத்தில் ஒரு வழி உண்டு. எதையாவது மறந்தாலோ, எண்ணிக்கை தடுமாறினாலோ, மேற்கொண்டு ஆக வேண்டியதைச் செய்துவிட்டுக் கடைசியில் கூடுதலாக இரண்டு முறை நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தால் போதும். அதற்குப் பெயர் மறதி ஸஜ்தா. கணக்கர் அதைச் செய்தார், வலமும் இடமும் திரும்பி ஸலாம் கொடுத்தார், தொழுகை முடிந்தது. முடிந்ததை முடிந்ததாக விடுகிற பழக்கம் சாக்ஸ் ஆசாமிக்கு இல்லை.

“மறதி யாருக்கும் வரும்தானே? நபிக்கே வந்திருக்கு,” என்றார் கணக்கர்.

பதில் இல்லாதபோது செருப்பைத் தேடுவது சாக்ஸ் ஆசாமியின் வழக்கம். அன்றைக்கும் வெகுநேரம் தேடினார்.

அவருக்கு அந்தக் கட்டடம் வைத்த பெயர் ரசமட்டம். தொழில், லிப்ட் பராமரிப்பு. கட்டடத்தின் இரண்டு லிப்ட்களையும் பிள்ளை மாதிரி வளர்த்தவர் அவர்தான். அவையும் பிள்ளைகளாகவே நடந்துகொண்டன. ஒன்று சொன்ன பேச்சைக் கேட்கும்; மற்றது முக்கியமான ஆள் ஏறியிருக்கும் நேரம் பார்த்து மக்கர் பண்ணும். லிப்ட் தரைமட்டத்துக்கு ஒரு நூல் மேலே நின்றாலும் அவருக்குச் சோறு இறங்காது. கண்ணை மூடிக்கொண்டு நிலத்தடித் தளத்தில் உட்கார்ந்திருந்தாலும் எங்கேயோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டால், “ரெண்டாவது மாடி” என்பார். போய்ப் பார்த்தால் இரண்டாவது மாடியாகத்தான் இருக்கும். சத்தம் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று அளக்கும் காது அது. மற்றவர்கள் சொல்வதைக் கேட்பதற்கும் அதே காதைப் பயன்படுத்தலாம் என்பது அவருக்குத் தோன்றியதில்லை.

தொழுவது எப்படி என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அது அவருக்கு ஒரு தடையாக இருந்ததும் இல்லை. தொழுகையையும் அவர் லிப்டைப் போலவே பார்த்தார்: ஒவ்வொரு பாகமும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சர்வீஸ் பண்ண வேண்டும். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்யும்போது விரல் இடுக்கு நனையாதவன் ஒளுவே செய்யவில்லை. “அல்லாஹு அக்பர்” சொல்லித் தக்பீர் கட்டும்போது கை மேலே போக வேண்டிய அளவு போக வேண்டும், கொசு விரட்டுவதுபோல இடுப்புக்கிட்டேயே திரும்பிவிடக்கூடாது. ஸஜ்தாவில் நெற்றியும் மூக்கும் உள்ளங்கையும் முட்டியும் கால்விரலும் தரையில் பதிய வேண்டும், முழங்கை மட்டும் பதியக்கூடாது. ருகூவில் குனிந்தால் முதுகின் மேல் தண்ணீர் டம்ளர் வைத்தாலும் சிந்தக்கூடாது. இதெல்லாம் சரியான பாடம்தான். பாடத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் பின்வரிசையில் நிற்கிறார் என்று தெரிந்தால் முன்வரிசைக்காரர்கள் இறைவனுக்கு அஞ்ச வேண்டியதில் பாதியை அவருக்கு ஒதுக்கினார்கள்.

பெயர் வந்த கதை வீட்டுக்குள் நடந்தது. அவருடைய மனைவியின் தம்பி சோபாவுக்குத் துணி மாற்றித் தைக்கிறவர். ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்திருந்தவர் மாலை அஸர் தொழுகை நேரம் வந்ததும் கூடத்திலேயே தொழ நின்றார். ருகூவில் குனிந்தார். நம்மவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை எடுக்க அடுக்களை வரை போக வேண்டும்; தளம் மட்டமா என்று குமிழியை வைத்துப் பார்க்கும் ரசமட்டமோ, டூல் பெட்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்து மைத்துனரின் முதுகில் வைத்தார். தொழுகிறவர் பேச முடியாது, தட்டிவிடவும் முடியாது. அந்த வீட்டில் அப்போது அசைந்தது ரசமட்டத்தின் குமிழி மட்டும்தான். அது கழுத்துப் பக்கமாக ஓடி ஒதுங்கியது.

ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து அறிக்கை வாசித்தார்: “மாப்ள, கழுத்துப் பக்கம் ரெண்டு விரல் ஏத்தம்.”

சோபாக்காரர் பாயை மடித்து வைத்தார். போட்டு வைத்திருந்த டீயைக் குடிக்காமல் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. எங்கேயும் நாலு பேரோடு சேர்ந்து நின்று தொழுவதையும் விட்டுவிட்டார். தன் வீட்டிலேயே, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தொழுகிறார் என்று தகவல் வந்தது. அக்காவின் வாய் வழியாகக் கதை வெளியே கசிந்து, கட்டடம் வரை வந்து, பட்டப்பெயராக நிலைத்துவிட்டது.

மனைவி சண்டை போடவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. அதைவிடக் கொடுமையாக, மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். “சாப்பிட வாங்க” என்பது “சாப்பாடு தயாரா இருக்கு, உங்களுக்கு வசதிப்பட்டா வரலாம்” என்று ஆனது. வசதிப்படவில்லை என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. ஒரே ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்தாள். அவர், முதுகு கோணலாக இருந்தால் கோணல் என்றுதானே சொல்ல முடியும் என்று நியாயம் பேசினார்.

“அந்த முதுகு பொறக்கும்போதே அப்படியா இருந்துச்சு? ஊர்ல இருக்கிற சோபாவையெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு தச்ச முதுகு. நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, இதையும் சேர்த்துத்தான்.”

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை.

இப்படியே மாதங்கள் போயின. கட்டட நிர்வாகம் வரவேற்புக் கூடத்து நாற்காலிகளுக்குப் புதுத்துணி போட முடிவு செய்து, ஆளைப் பேசியும் முடித்தது. யார் என்று ரசமட்டத்துக்கு வீட்டில்தான் தெரிந்தது. மனைவி தட்டை வைத்துவிட்டு, பல மாதங்களில் முதல்முறையாக, மரியாதை இல்லாமல் பேசினாள்.

“நாளைக்கு அவன் உங்க கட்டடத்துக்குத்தான் வர்றான். கீழ வந்து எல்லாரோடயும் தொழுன்னு சொல்லியிருக்கேன். சரின்னு சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. அவன் வந்து நின்னா நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. தொறந்தீங்கன்னா என் தம்பி எனக்கு இல்லன்னு அர்த்தம்.”

அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுப்பதற்காக ஒருமுறை திறக்க வேண்டியிருந்தது.

மறுநாள் லுஹர் நேரம். கணக்கருக்குக் காய்ச்சல், லீவு. யார் முன்னால் நிற்பது என்ற கேள்வி எழுந்தபோது எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். ரசமட்டத்துக்குப் பின்னால் நின்று தொழுதால் அவர் நம்மைப் பார்க்க முடியாது என்று வாட்ச்மேனுக்குத்தான் முதலில் உறைத்தது. “நீங்கதாண்ணே நிக்கணும், வேற யாருக்குத் தகுதி இருக்கு?” என்று அவர் ஆரம்பிக்க, மற்றவர்களும் அந்தத் தகுதியை வேகவேகமாக வழிமொழிந்தார்கள். ரசமட்டம் மறுத்துப் பார்த்தார், தான் மறுப்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று உறுதியானதும் முன்னால் போய் நின்றார். தொழும்போது யாரும் குறுக்கே போகாதபடி எதிரே தடுப்பாக டூல் பெட்டியை வைத்தார்.

வரிசை சரியாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தபோது வாசலில் சோபாக்காரர் நின்றுகொண்டிருந்தார். முகத்திலும் கையிலும் ஒளுவின் ஈரம். ஒரு காலில் ஷூ இன்னும் கழற்றப்படவில்லை. முன்னால் நிற்பது யார் என்று பார்த்ததும் அந்தக் கால் கொஞ்சம் பின்வாங்கியது.

வாயைத் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆகவே ரசமட்டம் வாயைத் திறக்காமல், வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விடும்படி கையைக் காட்டினார். வாட்ச்மேன் நகர்ந்தார். சோபாக்காரர் ஒரு கணம் நின்றார். பிறகு மற்ற ஷூவையும் கழற்றினார்.

“அல்லாஹு அக்பர்.”

லுஹர் தொழுகையில் இமாம் சத்தமாக ஓதுவதில்லை. அறை அமைதியாக இருக்கும், பம்பு ஓடாத நேரமாக இருந்தால். அந்த அமைதியில் ரசமட்டத்தின் காது தன் வேலையைத் தொடங்கியது. பின்னால் திரும்பாமலேயே யார் எது என்று அதற்குத் தெரிந்தது. இந்தப் பெருமூச்சு வாட்ச்மேன். இந்த முட்டிச் சொடக்கு முதல் மாடித் தையல்காரர். ருகூவில் குனிந்தபோது, மற்றவர்களைவிடச் சற்றே உயரத்திலிருந்து ஒரு மூச்சு வந்தது. மாப்பிள்ளையின் முதுகு. இன்னும் அதே ஏற்றம்.

வாயைத் திறக்கவில்லை. ஆனால் மனதுக்குள் திறப்பதைப் பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. முதல் ரக்அத் முடிவதற்குள் சொற்பொழிவுக்கு முன்னுரை தயாராகிவிட்டது. ‘மாப்ள, நான் குத்தம் சொல்றேன்னு நினைக்காதே’ என்று ஆரம்பிக்கலாமா? அல்லது ‘பெரியவங்க சொன்னா நல்லதுக்குத்தான்’ என்று ஆரம்பிக்கலாமா? இரண்டாவது ரக்அத் முடிந்து உட்கார்ந்து, வாய் அத்தஹிய்யாத்தை ஓதிக்கொண்டிருந்தபோது மனது முதல் வரியைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாவதில் டம்ளர் உதாரணம் சேர்ந்தது. ரசமட்டத்தை இந்த முறை குறிப்பிடுவதில்லை என்று பெருந்தன்மையோடு முடிவெடுத்தார். நாலாவது ரக்அத்தில் சொற்பொழிவு கிட்டத்தட்ட முழுமையடைந்தது. கடைசி வரி மட்டும் அமையவில்லை. அதை யோசித்தபடியே இரண்டாவது ஸஜ்தாவிலிருந்து தலையைத் தூக்கி, “அல்லாஹு அக்பர்” என்று எழுந்து நின்றார்.

நாலு ரக்அத் முடிந்தாயிற்று. உட்கார வேண்டும். அவர் ஐந்தாவதுக்கு நின்றுகொண்டிருந்தார்.

பின்னால் இருப்பவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். இமாம் தவறினால் பின்னால் நிற்பவர் “சுப்ஹானல்லாஹ்” என்று சொல்லி உணர்த்த வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் முன்னால் நிற்பவர் மறக்காதவர் என்று அவரே பிரகடனம் செய்திருக்கிறார். வாட்ச்மேன் நாலு என்று எண்ணி வைத்திருந்தார். ரசமட்டம் எழுந்ததும் தன் நாலை மூன்றாகத் திருத்திக்கொண்டு எழுந்தார். தையல்காரரும் அவ்வாறே திருத்திக்கொண்டார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுந்தார்கள். ஒரே ஒருவர் எழவில்லை.

சோபாக்காரர் அன்றைக்கு எதையும் விட்டுவைக்கவில்லை. மச்சான் பின்னால் ஏதாவது தப்பு நடந்துவிட்டால் இந்த முறை முதுகோடு போகாது என்ற பயத்தில், ஒவ்வொரு ரக்அத்துக்கும் ஒரு விரலை மனதுக்குள் மடக்கி வைத்திருந்தார். நாலு விரல் மடங்கியிருந்தது. இன்னும் ஒருதரம் மடக்கச் சொன்னால் அவர் கேட்கத் தயாராக இல்லை.

“சுப்ஹானல்லாஹ்.”

மெல்லிய குரல். ரசமட்டத்தின் காது வழக்கம்போல முதலில் உயரத்தை அளந்தது. தோள் உயரத்திலிருந்து வரவில்லை. இடுப்பு உயரத்திலிருந்தும் வரவில்லை. கீழேயிருந்து வந்தது, உட்கார்ந்திருக்கும் ஆளின் வாய் இருக்கும் உயரத்திலிருந்து.

நாலு மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்கு லிப்டை ஏற்றிவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது. கூடவே ஏழெட்டுப் பேரையும் ஏற்றியாயிற்று.

அந்தக் கணத்தில் அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கேட்காததுபோல ஐந்தாவதைத் தொழுதுவிடுவது. எல்லோரும் நிற்கிறார்கள், ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார், தப்பு அந்த ஒருவர் தலையில் விழும். பிரகடனம் பிழைத்துக்கொள்ளும். ஷூ மாட்டிக்கொண்டு ஓர் ஆள் வெளியேறுவார், தாழ்ப்பாள் போட்ட அறைக்கு, இனி நிரந்தரமாக. இன்னொரு வழி, உட்காருவது.

அவர் உட்கார்ந்தார்.

பின்னால் வரிசை முழுவதும் சரசரவென்று இறங்கியது. முட்டிகள் சொடுக்கின. நாலுதான் சரி என்று வாட்ச்மேன் மீண்டும் திருத்திக்கொண்டார். அத்தஹிய்யாத் ஓதினார் ரசமட்டம். இந்த முறை மனதும் வாயும் ஒன்றையே ஓதின. பிறகு ஸலாம் கொடுப்பதற்கு முன்னால், “அல்லாஹு அக்பர்” என்று கூடுதலாகத் தரையில் நெற்றியை வைத்தார். எழுந்தார். மறுபடி வைத்தார். இரண்டாவது கொஞ்சம் நீண்டது.

ஸலாம் கொடுத்தபின் தையல்காரர் தன் விரல்நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோபாக்காரர் எழுந்து ஓடுவார் என்று ரசமட்டம் எதிர்பார்த்தார். அவரோ சாவகாசமாக, அவரவர் தனியாகத் தொழும் சுன்னத் தொழுகைக்கு நின்றார். ருகூவில் குனிந்தார். கழுத்துப் பக்கம் இரண்டு விரல் ஏற்றம்தான். டூல் பெட்டி கையெட்டும் தூரத்தில் இருந்தது. ரசமட்டம் அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

தொழுது முடித்து ஷூ மாட்டும்போது சோபாக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அக்காகிட்ட சொல்லிடுங்க மச்சான். ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

“டீ ஆறிப்போறதுக்குள்ள வா,” என்றார் ரசமட்டம். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு வாட்ச்மேன் மட்டும் தயங்கி நின்றார். அவர் பாவம், வேண்டுமென்றே கேட்கவில்லை; ரசமட்டத்துக்கும் மறதி வரும் என்று தோன்றாததால், புரியாமல்தான் கேட்டார்.

“ஏண்ணே, கடைசில ரெண்டு ஸஜ்தா கூட செஞ்சமே, அது எதுக்கு?”

செருப்பு பக்கத்திலேயே கிடந்தது. அவர் அதைத் தேடவில்லை.

“மறந்துட்டேம்ப்பா,” என்றார்.