‘பிடி’ என்று கத்தினேன்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மைசூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். எங்கள் பகுதி நீச்சல் குளத்தின் ஆழமான பக்கம். என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சொல்லால் அன்று என் ஓரகத்தியின் உயிர் போகப் பார்த்தது. ஓரகத்தி என்றால் என் கணவரின் தம்பி மனைவி. இதை வெளியில் அதிகம் சொன்னதில்லை. சொல்லும்படியான பெருமை எனக்கு இதில் எதுவும் இல்லை.

ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது, படித்தது, வேலைக்குப் போவது எல்லாம் இங்கேதான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். கோபம் வந்தாலும் அவசரம் வந்தாலும் எனக்குக் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும். அவள் அப்படியில்லை. மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி, மேட்டூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. காய்கறி வாங்கும் அளவுக்குக் கன்னடம் தெரியும். ஆனால் கிணற்றிலும் காவிரியிலும் குதித்து வளர்ந்த பெண். அவள் நீந்துவதைப் பார்த்தால், காசு கொடுத்து நீச்சல் கற்றுக்கொண்ட எனக்கு வெட்கமாக இருக்கும்.

எனக்கு நாற்பது வயதில் ஃப்ரீடைவிங் பைத்தியம் பிடித்தது. முதுகில் சிலிண்டர் எதுவும் இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போய் வருவது. கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பெண்மணி எங்கள் குளத்தில் சொல்லிக்கொடுத்தார். ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். “நீயும் வா, உனக்கு இதெல்லாம் ஜுஜுபி” என்று ஓரகத்தியையும் இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு மறுத்துப் பேசத் தெரியாது. மறுத்துப் பேச நான் யாருக்கும் அவகாசம் கொடுப்பதும் இல்லை.

மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினால் உடம்பு மேலே மேலே வரும். அதை அடக்கத்தான் வெயிட் பெல்ட். ஈயக் கட்டிகளைக் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டை. நான் முதலில் வாங்கியது நைலான் பெல்ட். விறைப்பாக இருக்கும். தலைகீழாக முங்கும்போது இடுப்பிலிருந்து நழுவி விலா எலும்புக்கு வந்துவிடும். ஆழத்தில் வயிறு ஒடுங்குவதால் இன்னும் தளர்ந்து போகும். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரப்பர் பெல்ட் தேட ஆரம்பித்தேன். கல்யாணப் புடவைக்குக்கூட நான் அவ்வளவு அலைந்ததில்லை. தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டு, கட்டிப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்து, கடைசியில் ஒன்று அமைந்தது. இழுத்துக் கட்டினால் உடம்போடு சேர்ந்து ஒடுங்கும், இடுப்பெலும்பில் உட்கார்ந்தால் அசையாது, ஒரு கையால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். கட்டியிருப்பதே மறந்துபோகும் அளவுக்குச் சுகமாக இருந்தது.

பழைய நைலான் பெல்ட்டை ஓரகத்திக்குக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அது சகஜம். என் பழைய மிக்சி, பழைய ஸ்கூட்டர், அளவு சிறுத்த சல்வார் எல்லாம் அவளிடம்தான் போகும். அவளும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவள், எனக்கு நான்கு கிலோ எடை தேவைப்பட்டது. அவள் ஒல்லி. ஒரு கிலோவே போதும். கட்டிகளைக் கழற்றிக் கோக்கச் சோம்பல்பட்டு, ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மூன்று கிலோவை அப்படியே விட்டேன். பட்டையும் என் அளவு என்பதால் அவள் இடுப்பைச் சுற்றி ஒரு முழம் மிச்சம் தொங்கியது. புடவைக் கொசுவத்தைச் செருகுவதுபோல அந்த முனையை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே செருகிவிட்டேன்.

“இனி அவிழவே அவிழாது, போ” என்றேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் இரண்டு தடவை முங்கி எழுந்துவிட்டு, “ஏனுங்க்கா, இது நெஞ்சு வரைக்கும் ஏறிக்குதுங்க்கா” என்றாள்.

“புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான். சும்னே பயப்படாதே. ஒரு கையால பெல்ட்டைப் பிடிச்சுக்கோ, சரியாயிடும்.”

“சரிங்க்கா.”

அன்றிலிருந்து ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்தபடியே முங்கினாள். பயிற்சியாளர் ஒவ்வொருவர் பெல்ட்டையும் சோதிக்கும்போது நான் குறுக்கே விழுந்து, “நானே நோடிதீனி மேடம்” என்றேன். நானே பார்த்துவிட்டேன் என்று. என் பேச்சை நம்பி அவரும் அடுத்த ஆளிடம் போனார்.

புதன்கிழமை மாலைகளில் ஆபத்துக்காலப் பயிற்சி நடக்கும். பயிற்சியாளர் கன்னடத்தில் ஒரு சொல் கத்துவார். அந்த நொடியே நாங்கள் பெல்ட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வைப்பார். புதன்கிழமை அவளுக்கு வர முடியாது. வீட்டில் சொல்லித் தருகிறேன் என்றேன். சொல்லித் தரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நான்தான் ஜோடி. ஒருவர் முங்கும்போது மற்றவர் தண்ணீரிலேயே பக்கத்தில் இருந்து கண்காணிக்க வேண்டும் என்பது விதி. எனக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. அதைச் சரிசெய்யக் கரையேறி உட்கார்ந்தேன். ஒரு நிமிட வேலைதானே என்று நினைத்தேன். அதற்குள் அவள் முங்கிவிட்டாள்.

அடித்தரை வரை போய்த் தொட்டுவிட்டு மேலே வந்தாள். முகம் வெளியே தெரிந்தது. ஆனால் வாய் திறந்ததே தவிர மூச்சு உள்ளே போன மாதிரி இல்லை. பெல்ட் விலாவுக்கு மேல் ஏறி இறுக்கிக்கொண்டிருந்தது. மூன்று கிலோ அவளைக் கீழே இழுத்தது. முழுகினாள், மறுபடி வந்தாள், தண்ணீரைக் குடித்தாள். கிணற்றில் ஆடி வளர்ந்த பெண் கையைக் காலை அடித்துத் தவித்தாள்.

நான் எழுந்து நின்று கத்தினேன். “பெல்ட் பிடி! பிடி! பிடி!”

அவள் என்னைப் பார்த்தாள். நீந்திக்கொண்டிருந்த இன்னொரு கையையும் எடுத்து, இரண்டு கையாலும் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்படியே என்னைப் பார்த்தபடி கீழே போனாள்.

கன்னடத்தில் ‘பிடி’ என்றால் விடுங்கள் என்று அர்த்தம். நாம் பிடி என்பதை அவர்கள் ‘ஹிடி’ என்பார்கள். புதன்கிழமைகளில் பயிற்சியாளர் கத்துவதும் இதே ‘பெல்ட் பிடி’தான். அது என் நாக்கில் ஊறியிருந்தது. அவள் அதைக் கேட்டதே இல்லை. அவள் கேட்டது தமிழ்ப் ‘பிடி’. அதுவும், போன வாரம்தான் பிடிச்சுக்கோ என்று நானே சொல்லியிருந்தேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கால் நகரவில்லை. விடு, கழட்டு, அவிழ்த்துப் போடு என்று தமிழில் எத்தனையோ சொல் இருக்கிறது. ஒன்றுகூட வரவில்லை. அடுத்த முனையிலிருந்து பயிற்சியாளர் பாய்ந்தார். நான் செருகி வைத்த முனையை உருவி எடுக்கவே அவருக்கு நேரமானது. அந்த நேரம் எவ்வளவு என்று கேட்டால் இரண்டு மூன்று நொடி என்பார்கள். எனக்கு அது இன்னும் முடியவில்லை. பிறகு பெல்ட் கழன்றது, அவளை மேலே தூக்கினார்.

உதடு நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. பயிற்சியாளர் கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதி, “உசிராடு, உசிராடு” என்று கெஞ்சினார். மூச்சுவிடு என்கிறார். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடவுளிடம் என்னென்னவோ வேண்டினேன். ஒரு இருமல் வந்தது. அதன் பிறகு ஒரு நீளமான மூச்சு. அதைவிட நல்ல சத்தத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருக்கச் சொன்னார்கள். என் கொழுந்தன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தான். “என்ன ஆச்சு அண்ணி?” என்று கேட்டான்.

“பெல்ட் நழுவிடுச்சுப்பா” என்றேன். பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. அவள் படுக்கையிலிருந்து எங்கள் இருவரையும் பார்த்தாள்.

அவன் மருந்து வாங்கப் போன பிறகு, கம்மிய குரலில் கேட்டாள். “பிடின்னீங்கல்ல, கெட்டியாத்தானுங்க்கா பிடிச்சேன். நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனுங்களா?”

உயிர் போய் வந்தவள், தான் சரியாகச் செய்தேனா என்று என்னிடம் கேட்கிறாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வெளியே போய் நடைவழியில் நின்று அழுதேன். கொழுந்தன் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பெல்ட், சோம்பல், செருகியது, கரையேறியது, அந்தச் சொல், எதையும் விடவில்லை. அவன் திட்டியிருந்தால் தேவலை. மருந்துப் பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். நான்கு மாதம் எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை.

அவள் மட்டும் மாறவில்லை. பழையபடி வந்தாள், போனாள். “எப்பக்கா மறுபடி போலாம்?” என்று அவள்தான் முதலில் கேட்டாள். எனக்குத்தான் குளத்துப் பக்கம் போகவே பயம்.

இந்த முறை அவளுக்காகத் தேடினேன். எனக்குத் தேடியதைவிட அதிகமாக. அவள் இடுப்பளவுக்கு ரப்பர் பெல்ட், முனை நான்கு விரலுக்கு மேல் மிஞ்சக் கூடாது, ஒரே ஒரு கிலோ. பயிற்சியாளரை வைத்துக் கட்டிப் பார்த்தோம். மூச்சை முழுக்க விட்ட பிறகும் அவள் தலை தண்ணீருக்கு மேலே நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். குனிந்து நிமிர்ந்தாலும் அது இடுப்பெலும்பை விட்டு நகரவில்லை. கையால் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை கழற்ற வைத்தேன். போதும் போதும் என்று சிரித்தாள்.

குளத்தங்கரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னிக்கு நான் பண்ணினது...” என்று ஆரம்பித்தேன்.

அவள் என் கையை மெதுவாக விலக்கி, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு தண்ணீரில் இறங்கினாள். இறங்கும்போது சாதாரணமாகச் சொன்னாள். “அத விட்டுருங்க்கா.”

அன்று கரையில் நின்று நான் தேடியும் கிடைக்காத சொல் அதுதான். நான் அவளுக்குச் சொல்லத் தவறியதை அவள் எனக்குச் சொன்னாள். அவள் விட்டுவிட்டாள், நான்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.